பயந்த மீனும் இறப்பர் புழுவும்: மென்தூண்டில் முறை பற்றி ஓர் அறிமுகம்

தூண்டிலில் ஒருமுறை சிக்கித் தப்பிய விரால் அதே இரையை இரண்டாம் முறை தொடாது என்று வன்னிக் குளக்கரைகளில் வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். இது வெறும் பேச்சல்ல. 1970இல் நெதர்லாந்து ஆய்வாளர் பியூகேமா, ஐரோப்பிய நன்னீர் வேட்டை மீனான பைக்கை வைத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். உலோகத் தகடு சுழலும் செயற்கை இரையில் ஒருமுறை சிக்கிய பைக், பின்னர் அந்த இரையை நெருங்கவே தயங்கியது. உயிருள்ள மீனை இரையாக வைத்தபோது அதே அளவு தயக்கம் தெரியவில்லை. அந்த மீன் பசியை இழக்கவில்லை. எதை நம்பக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டிருந்தது.

இப்படிக் கற்றுக்கொண்ட மீனைப் பிடிப்பதற்காக வளர்ந்த தூண்டில் முறையை ஆங்கிலத்தில் ‘பினெஸ்’ என்கிறார்கள். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. இக்கட்டுரையில் ‘மென்தூண்டில்’ என்று எழுதுகிறேன். மெல்லிய தங்கூசி, சிறிய முள், குறைந்த எடை, மென்மையான செயற்கை இரை, மெதுவான அசைவு ஆகிய ஐந்தும்தான் அதன் அடிப்படை.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வாழும் எனக்கு இந்த முறை அறிமுகமானது பக்கத்து வீட்டு இளைஞர்கள் மூலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் தடியோடு மட்டக்குளிப் பக்கம் போகிறவர்கள். யூடியூப் பார்த்துப் பழகியவர்கள். அதில் சொல்லப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாழும் பாஸ் மீனைப் பற்றியது. எங்கள் குளங்களுக்கும் எங்கள் மீன்களுக்கும் பொருந்தும்படி தமிழில் வாசிக்கக் கிடைப்பது குறைவு. வடக்கு கிழக்கின் குளங்களில் தூண்டில் போடும் பழக்கம் மீண்டும் வளர்ந்துவரும் இந்தக் காலத்தில் அதற்குத் தேவை இருக்கிறது.

மீன் எப்படி அறிகிறது?

மீனின் உடலின் இரு பக்கத்திலும் தலையிலிருந்து வால்வரை ‘பக்கக்கோடு’ எனப்படும் உணர்வுறுப்பு ஓடுகிறது. நீரின் மிகச் சிறிய அசைவையும் அது பதிவுசெய்யும். கரையில் கால் பதியும் அதிர்வு, கனமான ஈயக்குண்டு நீரில் விழும் அடி ஆகியவை, மனிதர் நீரில் எதையும் கவனிப்பதற்கு முன்பே மீனுக்குத் தெரிந்துவிடும்.

பார்வையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒளி நீருக்குள் புகும்போது வளைவதால், நீருக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் சுருங்கித் தெரிகிறது. நீர்மட்டத்தோடு ஒட்டியிருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். உயரமாக நிற்பவை தெளிவாகத் தெரியும். ஆகவே கரையில் குந்தியிருப்பவர் நிற்பவரைவிட மீனுக்குக் குறைவாகவே தெரிவார். நிழல் நீரில் விழாதபடி இருப்பதும் முக்கியம்.

வேட்டை மீன்கள் மூன்று நிலைமைகளில் கூடுதலாகப் பயப்படுகின்றன. நீர் தெளிந்து ஆழம் குறையும்போது. தினமும் பலர் தூண்டில் போடும் இடங்களில். வலையும் இரைச்சலும் மிகுந்த இடங்களில். வரட்சி மாதங்களில் வன்னிக் குளங்கள் வற்றிச் சுருங்கும்போது முதலாவது நிலைமை வருகிறது. கொழும்பின் கால்வாய்களிலும் வாவிகளிலும் மற்ற இரண்டும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

இறப்பர் புழு வந்த வழி

கடைகளில் ‘இறப்பர் புழு’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இறப்பரே அல்ல. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெயோடு சூடாக்கி அச்சில் ஊற்றிச் செய்கிறார்கள். 1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் இவ்வகைப் பிளாஸ்டிக் புழுவைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அமெரிக்காவின் கன்சாஸ் பகுதியினர் சிறிய இரைகளை மெல்லிய கருவிகளில் போடும் வழக்கத்தை வளர்த்தார்கள். ‘நெட் ரிக்’ என்ற கட்டுமுறை கன்சாஸைச் சேர்ந்த எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஜப்பானுக்குப் பாஸ் மீன் 1925இல் ஆஷி ஏரியில் விடப்பட்டது. அங்கே சில ஏரிகளில் தூண்டில்காரர் கூடிப்போக, மீன்கள் எதையும் தொடாமல் விட்டன. ‘ட்ரொப் ஷொட்’ போன்ற நுணுக்கமான முறைகள் அந்த நெருக்கடியில்தான் வளர்ந்தன.

எங்கள் மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓர் அண்ணர் செட்டியார் தெரு நகைப் பட்டறையொன்றில் வேலை செய்கிறார். முல்லைத்தீவு மாவட்டத்துக் குளக்கரைக் கிராமத்தில் பிறந்தவர். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபின் கொழும்புக்கு வந்தவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் தூண்டில் முள்ளுக்கே தட்டுப்பாடு என்று சொன்னார். சட்டை ஊசியை நெருப்பில் காய்ச்சி வளைப்பார்களாம். தவளை கிடைக்காத நாளில், பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு வால்போலக் கீறி முள்ளில் குத்தி, அல்லி இலைகளுக்கு நடுவே மெல்லத் தத்தவிடுவார்களாம்.

“கனநேரம் சும்மா கிடக்கவிடோணும் பிள்ளை. நாங்கள் அசைக்காத நேரத்திலதான் விரால் வந்து பாக்கும். இந்தப் பெடியள் வீடியோவில காட்டுறதும் அதைத்தானே?” என்றார்.

அதையேதான் காட்டுகிறார்கள். உண்மையான இறப்பரில் செய்த புழுவை அவர் பதின்ம வயதிலேயே போட்டிருக்கிறார்.

எங்கள் நீர்நிலைகளின் வேட்டை மீன்கள்

விரால்: சிங்களத்தில் லூலா. குளம், வயல் வாய்க்கால், சதுப்பு எங்கும் வாழும். செவுளுக்கு மேலுள்ள அறையால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும். ஆதலால் இடைக்கிடை மேலே வந்தே ஆகவேண்டும். அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்த மூச்சுத்தான். நோயாளிக்கும் அறுவைச் சிகிச்சை செய்தவருக்கும் விரால் கொடுப்பது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். காயம் ஆற்றும் அதன் தன்மை பற்றி மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கன் ஆரா: இலங்கைக்கே உரிய பெரிய விரால் இனம். பி. ஈ. பி. தெரணியகல 1945இல் இதை விவரித்தார். விராலைவிடப் பெரிதாக வளரும். உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் என்பதால், சிக்கினால் திருப்பி விடுவதே பொறுப்பான செயல்.

கத்தி மீன்: தென்கிழக்காசியாவிலிருந்து அலங்கார மீனாக வந்து, தொட்டிகளிலிருந்து தப்பி, மேற்குக் கரையோர நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வாலருகே வட்டக் கரும்புள்ளிகள் இருக்கும். இரவில் இரை தேடும். எங்கள் மீன்களின் குஞ்சுகளைத் தின்னும் ஆக்கிரமிப்பு இனம் என்பதால், பிடிபட்டதை உயிரோடு வேறு நீரில் விடவே கூடாது.

கொடுவா: ஆறு கடலோடு கலக்கும் இடங்களிலும் களப்புகளிலும் வாழும். முழு நன்னீர் மீன் அல்ல. ஆனாலும் கழிமுகத்திலிருந்து ஆற்றில் மேலேறி வரும். செவுள் மூடியின் ஓரம் கத்திபோல வெட்டும்.

வேண்டிய சாமான்கள்

தடி ஆறரை முதல் ஏழு அடி நீளமும், நுனி மெதுவாக வளையும் தன்மையும் கொண்டிருக்க வேண்டும். ரீல் 2000 அல்லது 2500 அளவு போதும். பிரதான நூலாக 8 முதல் 10 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல். அதன் முனையில் ஒரு மீற்றர் அளவுக்கு நிறமற்ற தங்கூசி. வெளிநாட்டு வழிகாட்டிகள் 6 இறாத்தல் தங்கூசி போதும் என்பார்கள். விராலுக்குப் பல் உண்டு, அது சிக்கியதும் களைக்குள் பாயும். ஆகவே இங்கே 12 இறாத்தலுக்குக் குறையாமலும், களை அடர்ந்த இடத்தில் 20 இறாத்தலும் வேண்டும். தங்கூசி அறுந்தால் முள் மீனின் வாயிலேயே போய்விடும்.

இரை இரண்டரை முதல் நாலு அங்குல நீளம். கலங்கிய நீருக்குக் கறுப்பு, கடும் ஊதா. தெளிந்த நீருக்குப் பாசிப்பச்சை, மண்ணிறம். எடை ஒன்றரை முதல் மூன்று கிராம். இறக்குமதிப் பொருட்கள் என்பதால் 2022 நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறிவிட்டது. புறக்கோட்டையில் வாங்கும்போது மலிவான தடியையும் நல்ல நூலையும் வாங்குங்கள். மாறி வாங்கினால் காசு வீண்.

நான்கு கட்டுமுறைகள்

முதலாவது, எடையில்லாப் புழு. முள்ளைப் புழுவின் நடுவில் குத்தி, வேறு எடை எதுவும் சேர்க்காமல் எறிவது. இரண்டு முனைகளும் நடுங்கியபடி மெதுவாகக் கீழிறங்கும். திறந்த, ஆழமற்ற நீருக்கு ஏற்றது.

இரண்டாவது, மறைமுள். முள்ளின் கூர் புழுவின் உடலுக்குள் புதைந்திருக்கும். அல்லி, தாமரை, சல்வீனியாக் களைகளுக்குள் சிக்காமல் போய்வரும். எங்கள் குளங்களுக்கு அதிகம் பயன்படுவது இதுதான்.

மூன்றாவது, நெட் ரிக். காளான் தலை வடிவ எடையில் சிறிய புழு நிற்கும். அடித்தளத்தில் நிமிர்ந்து நின்று மெல்ல ஆடும். களையில்லாத, கல்லும் மணலும் உள்ள கட்டோரங்களுக்கு நல்லது.

நான்காவது, ட்ரொப் ஷொட். எடை தங்கூசியின் அடிமுனையில் இருக்கும். அதற்கு ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் மேலே முள். எடை தரையில் நிற்க, இரை நீரின் நடுவில் நின்று துடிக்கும். படகு நிற்கும் துறை, பாலத்தடி போன்ற இடங்களில் இரவில் கத்தி மீனுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம்.

எறிதலும் பொறுத்தலும்

விரால் மூச்சுவிட வந்த வட்டத்தின் நடுவில் எறிவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. தலைமேல் விழுந்த பொருளைக் கண்டு மீன் ஓடிவிடும். இரண்டு மீற்றர் அப்பால் எறிந்து, மெல்ல அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். இரை நீரைத் தொடும் சத்தம் கேட்கக்கூடாது.

விழுந்தபின் இருபது வரை எண்ணுங்கள். எதுவும் செய்யாதீர்கள். பிறகு தடியின் நுனியை ஓர் அங்குலம் அசைத்து மீண்டும் நிறுத்துங்கள். தளர்ந்து கிடக்கும் நூலைக் கண்ணால் கவனியுங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தால், அல்லது இரை தரைக்குப் போகுமுன் இறங்குவது நின்றால், மீன் வாயில் எடுத்துவிட்டது. அப்போது வெட்டி இழுக்கக்கூடாது. நூலின் தளர்வைச் சுற்றி எடுத்து, பாரம் கையில் தெரிந்ததும் தடியை ஒரு பக்கமாக உறுதியாகச் சாய்த்தால் போதும். முள் சிறியது, கூரியது. தானாகவே ஏறும்.

ஒரே இடத்தில் பத்துத் தடவைக்கு மேல் எறிய வேண்டாம். இரையை மாற்றுவதைவிட இடத்துக்கு அரை மணி நேர ஓய்வு கொடுப்பது பெரும்பாலும் பலன் தரும். அதிகாலையும் மாலையும் உகந்த நேரம்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து எங்கே போகலாம்?

கிட்டவுள்ளது பேரே வாவி. போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைப் பாதுகாப்புக்காக உருவான நீர்நிலை. நகரின் கழிவு நீண்டகாலமாகச் சேர்ந்துவரும் இடமும் அதுதான். அங்கே பிடிபடும் மீனைச் சமைக்க வேண்டாம். களனி ஆற்றின் கழிமுகம், மட்டக்குளி, அங்கிருந்து வடக்கே நீர்கொழும்பு நோக்கிப் போகும் ஹமில்டன் கால்வாய் ஆகியவை அடுத்தவை. ஹமில்டன் கால்வாயை ஆங்கிலேயர் 1804இல் வெட்டி முடித்தார்கள். பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990 முதல் சரணாலயம். அங்கே தூண்டில் போடக்கூடாது. கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன. வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் தங்கியிருந்த வடக்குத் தமிழருக்கு, நீண்ட குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தியில் தண்ணீர்க் கரையில் நிற்பது என்பது நினைத்தே பார்க்க முடியாத விசயம். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவிட்டது. எங்கள் தெருவின் விடுதிகளில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இன்னும் நினைவிருக்கிறது. இன்றைய பெடியள் தடியோடு பேருந்தில் ஏறுவதை அந்த அண்ணர் சற்று நேரம் நின்று பார்ப்பார். இன்றும் துறைமுகப் பக்கமும் படைமுகாம்களின் அருகேயும் தூண்டில் போடாமல் இருப்பதும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

வடக்கு கிழக்குக் குளங்களுக்குப் போகிறவர்களுக்கு

முதலில் பாதுகாப்பு. மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் போகாதீர்கள். வெள்ளம் வெடிபொருட்களைத் தூக்கிவந்து வேறிடத்தில் போடும். ஆகவே பலகை இல்லாத கரையிலும் ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். சந்தேகமான எதையும் தொடாமல் பொலிஸாருக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது, அந்தக் குளத்தை நம்பி வாழ்பவர்கள். 1952 அளவில் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் இலங்கையின் நன்னீர் மீன்பிடியை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியது. 1990இலிருந்து 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. போர் நடந்த இடங்களில் குளத்து மக்கள் அதற்கும் மேலாகப் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை இப்போது குளங்களில் மீன்குஞ்சு விடுகிறது. குளத்துக்குக் குளம் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன. தூண்டிலை எடுக்குமுன் சங்கத்தாரிடம் கேளுங்கள். எங்கே வலை போட்டிருக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். வாங்கிய அனுமதிக்கு மரியாதையாக, பிடித்ததன் அளவையும் அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, விட்டுவரும் குப்பை. கிழிந்த பிளாஸ்டிக் புழுவைத் தண்ணீரில் எறிந்தால் அது கரையாது. மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கும். 2013இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இவ்வகை இரைகளைத் தடைசெய்யும் சட்டமூலமே கொண்டுவரப்பட்டது. சிறிய ஈயக்குண்டுகளைப் பிரித்தானியா 1987இல் தடைசெய்தது, நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கி இறந்ததால். கரையில் விடப்படும் தங்கூசி கொக்கின் காலைச் சுற்றும், கன்றின் வாயில் போகும். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

குஞ்சு காக்கும் விரால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மழை தொடங்கியதும் விரால் களைகளுக்கு நடுவே இடம் துப்புரவாக்கி முட்டையிடும். குஞ்சுகள் சிவந்த நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரியும். மூச்சுக்காக எல்லாம் ஒன்றாக மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் தெரியும். தாயும் தகப்பனும் அவற்றின் அடியிலேயே நிற்கும். சாதாரண நாளில் எதையும் தொடாத அதே விரால், அந்தப் பந்தின்மேல் விழும் எந்தப் பொருளையும் பாய்ந்து கடிக்கும். அந்தக் கடி பசியால் வருவதல்ல. அதனால்தான் குஞ்சுப் பந்தைத் தேடி எறிவதை மிக இலகுவான வழியாகச் சில வீடியோக்கள் காட்டுகின்றன. காக்கும் மீன் போனால், அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் நீர்க்காகமும் சில நாட்களிலேயே முடித்துவிடும். ஒரு மீனைப் பிடிக்கிறோம் என்ற நினைப்பில் ஒரு தலைமுறையை அள்ளுகிறோம்.

இதைத் தடுக்க ஒவ்வொரு குளக்கரையிலும் யாரும் காவல் நிற்கப்போவதில்லை. வெடி வைத்து மீன் பிடித்ததைப் பார்த்து வளர்ந்த அந்த அண்ணரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “குண்டு போட்டா ஒரு நாளைக்கு மீன். பிறகு குளத்தில ஒண்டும் இருக்காது. குஞ்சோட நிக்கிறதை இழுக்கிறதும் அதுதான். சத்தம் மட்டும்தான் கேக்காது” என்றார்.

மென்தூண்டில் முறையின் தேவையே பயந்த மீனைப் பொறுமையாகப் பிடிப்பது. பயத்தை மறந்து குஞ்சுக்காகப் பாயும் மீனைப் பிடிக்க எந்த நுணுக்கமும் வேண்டாம். ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து நல்ல தடிகளோடு வரும் உறவுகளும், கொழும்பிலிருந்து நீண்ட வார இறுதிகளில் போகும் இளைஞர்களும், மாரி தொடங்கிய பிறகு சிவந்த குஞ்சுப் பந்தைக் கண்டால் அந்த இடத்தை விட்டு ஐம்பது மீற்றர் தள்ளிப் போங்கள். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். திருப்பி விடும் மீனைக் கையை நனைத்துப் பிடியுங்கள், சுடும் சீமெந்துக் கட்டில் போடாதீர்கள். வீட்டுக்கு வேண்டிய ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வருடமும் அந்தச் சங்கத்தாரிடம்தான் அனுமதி கேட்கப் போகிறீர்கள்.